நெஞ்சு ஒருபக்கம் பதிந்து மறுபக்கம் எழும்பியிருந்தால்: எந்தச் சத்திரசிகிச்சை, யாருக்கு, எப்போது

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும். பத்து வயதுவரை முதல் ஆளாகக் கழற்றிக்கொண்டு ஓடிய பெடியன் பதின்மூன்று வயதில் ‘நான் வெளியில நிக்கிறன்’ என்று சொல்லத் தொடங்கினால், வீட்டில் அதை வயசுக் கூச்சம் என்று விட்டுவிடுவார்கள். பெண்பிள்ளைகளில் பல நேரம் தையல்காரிதான் முதலில் கவனிப்பார். சாமத்தியச் சடங்குக்குப் பிளவுஸ் அளவெடுக்கும்போது ஒருபக்கம் துணி தொங்கும். பிறவியிலேயே இருந்த சமனின்மை இந்த வயதில் வெளியே வருவதற்குக் காரணம் உண்டு. விலா எலும்புகளை நெஞ்செலும்போடு இணைப்பது கசியிழையம் (குருத்தெலும்பு). உயரம் விறுவிறென்று கூடும் இரண்டு மூன்று வருடங்களில், சிறிதாக இருந்த குழி ஆழமாகும்; சிறிதாக இருந்த மேடு முன்னுக்குத் தள்ளும்.

‘இதுக்கு ஒப்பரேசன் இருக்கா?’ என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். இருக்கிறது, ஒன்றல்ல, ஐந்தாறு வகை. ஆனால் அதற்கு முன் கேட்கவேண்டியது வேறு: எந்த அடுக்கு சமனில்லாமல் இருக்கிறது? எலும்பா, தசையா, மார்பகமும் கொழுப்புமா, பின்னால் முள்ளந்தண்டா? அடுக்கைப் பிழையாகக் கணித்தால், திறமான வைத்தியர் நேர்த்தியாகச் செய்த சத்திரசிகிச்சையும் பிழைத்துப்போகும்.

வீட்டிலேயே செய்யக்கூடியது

முதலில் படங்கள். மேற்சட்டை இல்லாமல், யன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்தால் விழும் இடத்தில் நில்லுங்கள். போனை 2 மீற்றர் தள்ளி, நெஞ்சு உயரத்தில் வைத்து இன்னொருவர் எடுக்கட்டும். செல்ஃபி உதவாது, கிட்டத்தில் எடுத்தால் நடுப்பகுதி பெருத்து, உருவம் பொய் சொல்லும். முன்னால் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று, சரிவாக இரண்டு, கைகளை இடுப்பில் ஊன்றி அழுத்தியபடி ஒன்று, கைகளை மேலே தூக்கி ஒன்று. 6 மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில், அதே தூரத்தில் எடுத்து வையுங்கள். வைத்தியர் கேட்கும் முதற் கேள்வி ‘கூடிக்கொண்டு போகுதா?’ என்பதுதான். வாயால் சொல்லும் பதிலைவிட மூன்று தவணைப் படங்கள் பெறுமதியானவை.

குழி என்றால் ஆழத்தை அளந்து கொள்ளுங்கள். நிலத்தில் மல்லாந்து படுத்து, மூச்சை வெளியே விட்ட நிலையில், நீள அடிமட்டம் ஒன்றைக் குழிக்குக் குறுக்கே பாலம்போல வையுங்கள். இன்னொரு அடிமட்டத்தை நிமிர்த்திப் பிடித்து, ஆழமான இடம்வரை எத்தனை மில்லிமீற்றர் என்று பாருங்கள்.

அடுத்து ஐந்து பரிசோதனைகள். முழங்காலை மடக்காமல் முன்னுக்குக் குனியும்போது முதுகில் ஒருபக்க விலா மேடு எழும்பினால், கோளாறு முள்ளந்தண்டு வளைவிலிருந்து வரக்கூடும். முன்னால் தெரிவது அதன் நிழல். கைகளை இடுப்பில் ஊன்றி அழுத்தும்போது அக்குளின் முன்மடிப்பு ஒரு பக்கம் திரளாமல் இருந்தால் பெரிய மார்புத் தசையின் கீழ்ப்பகுதி பிறவியிலேயே இல்லை என்று சந்தேகிக்கலாம். அதே பக்கக் கையைப் பாருங்கள்: விரல்கள் கட்டையாக, ஒட்டியதுபோல இருக்கின்றனவா? இருமும்போது விலாவுக்கு இடையில் புடைப்பு எழும்பி அடங்குகிறதா? கடைசியாக, மேடு உள்ளவர்கள் முதுகைச் சுவரில் சாய்த்து, உள்ளங்கையால் மேட்டை மெதுவாக அழுத்தட்டும். தாழ்ந்து கொடுத்தால் நல்ல செய்தி. ஏன் என்பது கீழே வரும்.

எந்த அடுக்கு என்று பிரித்தறிதல்

குழி நெஞ்சே மிகப் பொதுவானது. ஏறத்தாழ 300 முதல் 400 பிறப்புகளுக்கு ஒன்று என்பது வழமையாகச் சொல்லப்படும் கணக்கு. பெண்களைவிட ஆண்களில் பல மடங்கு அதிகம். நடுவில் சமமாகப் பதிந்ததைவிட, நெஞ்செலும்பு ஒரு பக்கம் முறுகி, பெரும்பாலும் வலது பக்கம் கூடுதலாகப் பதிந்த குழியைத்தான் ‘ஒருபக்கம் இறங்கினது’ என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். நெஞ்செலும்பு முன்னுக்குத் தள்ளி நிற்கும் புறா நெஞ்சு இதைவிட அரிது. அதிலும் ஒருபக்கக் கசியிழையம் மட்டும் தள்ளி நிற்பது உண்டு. ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் குழியுமாகக் கலந்து வருவதும் உண்டு. பாரமான சத்திரசிகிச்சை தேவைப்படுவது பெரும்பாலும் இந்தக் கலப்பு வகைக்குத்தான்.

போலந்து நோய்க்கூட்டம் தசையின் கோளாறு. 1841இல் இலண்டனில் மருத்துவ மாணவராக இருந்த அல்பிரட் போலந்து என்பவர் எழுதிவைத்ததால் அந்தப் பெயர். போலந்து நாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பெரிய மார்புத் தசையின் நெஞ்செலும்போடு ஒட்டும் பகுதி இருக்காது. முலைக்காம்பு சிறுத்து மேலே நிற்கும், அக்குளில் மயிர் குறைவாக இருக்கும், சிலருக்கு இரண்டு மூன்று விலா எலும்புகளும் குறையும். வலது பக்கத்திலேயே அதிகம். இடது பக்கம் வந்து விலா எலும்புகளும் இல்லாதவர்களில் இதயம் வலப்புறம் தள்ளியிருப்பது உண்டு. ஆகவே இதயத்தை ஸ்கான் பண்ணிப் பார்க்கும் எக்கோ சோதனை தவறக்கூடாது.

பெண்பிள்ளைகளில் இன்னொரு வகை ஏமாற்றும். தசையும் இருக்கும், நெஞ்செலும்பும் நேராக இருக்கும். ஆனால் ஒருபக்க முன்விலாக்கள் பின்னுக்குப் பதிந்து, அந்தப் பக்க மார்பகமும் சிறிதாக இருக்கும். இதைப் போலந்து என்றோ வெறும் மார்பக வித்தியாசம் என்றோ பதிந்துவிட்டால் திட்டமே மாறிப்போகும்.

இலேசான வித்தியாசம் யாரிடமும் இருக்கும். ஓடினால் களைப்பில்லை, சோதனைகளில் பிழையில்லை, பிள்ளைக்கும் மனக்குறையில்லை என்றால் ஒன்றும் செய்யாமல் விடுவது சரியான முடிவு. பிள்ளைக்கு இல்லாத குறையை உறவினர் பார்வைக்காகத் திருத்தப் போகாதீர்கள். மறுபக்கம், ‘வடிவுக்காகத்தானே’ என்று பிள்ளையின் வேதனையைத் தட்டிவிடவும் கூடாது. மூன்று வருடமாகக் கிணற்றடியில் சட்டையோடு குளிக்கும் பெடியனுக்கு அது வடிவுப் பிரச்சினை மட்டுமல்ல.

யாழ்ப்பாணத்திலிருந்து யாரிடம் போவது

பாடசாலை மருத்துவப் பரிசோதனையில், விசேடமாக 7ஆம் தரத்தில், பிள்ளையே இதைச் சொல்லலாம். இல்லாவிட்டால் குடும்ப வைத்தியரிடமோ தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளிலோ கடிதம் பெற்று, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போகலாம். எலும்பு அடுக்கு என்றால் இதய, நெஞ்சறைச் சத்திரசிகிச்சை நிபுணர். தசை, மார்பகம் என்றால் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர். முதுகு வளைவு என்றால் எலும்பு முறிவு நிபுணர். இரண்டு அடுக்கு கலந்திருந்தால் இருவரும் ஒரே திட்டத்தில் கையொப்பம் வைக்கவேண்டும். தனித்தனியாகச் சனல் பண்ணி இரண்டு கருத்தோடு வீட்டுக்கு வந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

நெஞ்செலும்புச் சத்திரசிகிச்சைக்குத் தெற்கே அனுப்புவதும் வழமை. கொழும்பு தேசிய வைத்தியசாலை, வெலிசறையில் உள்ள சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலை, சிறுவர்களுக்குச் சீமாட்டி றிட்ஜ்வே ஆகியவை கடிதத்தில் வரக்கூடிய பெயர்கள். அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் உள்ளே வைக்கும் பொருள் கையிருப்பில் உள்ளதா, நீங்கள் வாங்கித் தரவேண்டுமா என்று முதற் கிளினிக்கிலேயே கேளுங்கள். வாங்கவேண்டி வந்தால் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள், அதுவும் திகதி குறிக்கமுன்.

பலாலியிலிருந்து சென்னைக்குப் பறக்கலாம் என்பதால் பலர் இந்தியாவை யோசிப்பார்கள். யோசிக்கலாம். ஆனால் நெஞ்செலும்பைத் தாங்க உள்ளே உலோகப் பட்டை வைத்தால் மூன்று வருடத்தில் அதை எடுக்கவும் வேண்டும். இடையில் நகர்ந்தால் யார் பார்ப்பது என்று இங்குள்ள நிபுணரிடம் பேசிவிட்டுப் போங்கள். இலண்டனில் இருக்கிற மாமா ‘இங்க எல்லாம் இலவசம்’ என்று சொன்னால், இங்கிலாந்துத் தேசிய சுகாதார சேவை 2019இல் நெஞ்செலும்பைத் திருத்தும் சத்திரசிகிச்சைக்கு வழமையாகப் பணம் கொடுப்பதை நிறுத்தியது, பிறகு மிகக் கடுமையான நிலைக்கு மட்டுமே திரும்பத் திறந்தது என்பதை அவருக்குச் சொல்லுங்கள்.

சோதனைகள், அவற்றைப் படிக்கும் விதம்

ஈ.சி.ஜி., எக்கோ, மூச்சுக் கொள்ளளவுச் சோதனை, நெஞ்சு எக்ஸ்றே, சாயம் ஏற்றாத சீ.ரி. ஸ்கான். உயரமும் ஒல்லியும் நீண்ட விரல்களும் உள்ள பிள்ளைக்கு மார்பன் நோய்க்கூட்டம் (உடலின் இணைப்பிழையம் தளரும் பிறவிக் கோளாறு) இருக்கலாம்; எக்கோவில் பெருநாடியின் அடிப்பகுதியை அளக்கச் சொல்லவேண்டும். அது விரிந்திருந்தால் நெஞ்சைவிட அதுதான் முதல் வேலை.

ஸ்கானில் வரும் முக்கிய எண் ஹாலர் சுட்டி. நெஞ்சறையின் உட்புற அகலத்தை, நெஞ்செலும்பின் பின்புறத்துக்கும் முள்ளந்தண்டுக்கும் இடைப்பட்ட மிகக் குறுகிய தூரத்தால் வகுப்பது. அகலம் 260 மில்லிமீற்றர், இடைவெளி 65 என்றால் 4.0. சாதாரண நெஞ்சில் இது 2.5 அளவில் இருக்கும், 3.25க்கு மேல் போனால் சத்திரசிகிச்சை பற்றிப் பேசலாம் என்பது பரவலான எல்லை. ஆனால் சமனில்லாத நெஞ்சில் இந்த எண்ணை மட்டும் நம்பவேண்டாம். ஆழமான குழி நெஞ்செலும்புக்கு வலப்புறம் இருந்தால் நடுக்கோட்டில் எடுத்த அளவு கோளாறைக் குறைத்துக் காட்டும். மூச்சை இழுத்துப் பிடித்து எடுத்த ஸ்கானும் அப்படித்தான். நெஞ்செலும்பு எத்தனை பாகை முறுகியிருக்கிறது, இதயம் எவ்வளவு இடப்புறம் தள்ளப்பட்டிருக்கிறது என்பதையும் கேளுங்கள். போலந்து சந்தேகம் என்றால் ஸ்கானில் பார்க்கவேண்டிய இன்னொன்று முதுகின் அகன்ற தசை. மார்புத் தசை இல்லாத சிலருக்கு அதுவும் இருக்காது. அதை எடுத்து முன்னால் வைப்போம் என்று திட்டம் போட்டவர்கள் சத்திரசிகிச்சைத் தியேட்டரில்தான் அறிந்துகொண்டால் எவ்வளவு வில்லங்கம்!

உலோகம் வைப்பதென்றால் நிக்கல் ஒவ்வாமைச் சோதனை. கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறதா, பெல்ட் கொக்கி பட்ட இடத்தில் வயிறு கடிக்கிறதா? அப்படியென்றால் கட்டாயம் சொல்லுங்கள். உருக்குப் பட்டையில் நிக்கல் இருக்கிறது. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு டைட்டேனியப் பட்டை வேண்டும். அதைத் தியேட்டரில் வைத்து வளைப்பது கடினம் என்பதால் முன்கூட்டியே அளவு கொடுத்துச் செய்விக்கவேண்டும்.

வெட்டுமுன் முயலக்கூடிய இரண்டு

புறா நெஞ்சுக்குப் பிரேஸ். சுவரில் சாய்த்து அழுத்தியபோது மேடு தாழ்ந்தது என்றால் இது வேலை செய்யும். முன்னும் பின்னும் தட்டு வைத்து இறுக்கும் பட்டி. முதல் மாதங்களில் பெரும்பாலான நேரமும், நெஞ்சு தட்டையான பிறகு இரவில் மட்டும், வளர்ச்சி முடியும்வரை. தோற்பதற்கு முதற் காரணம் போடாமல் விடுவது. நம் ஊர் வெக்கையில் உள்ளே மெல்லிய பருத்திப் பெனியன் போடாவிட்டால் தோல் அவிந்துவிடும். நெஞ்செலும்பின் மேற்பகுதி முன்கூட்டியே பொருந்தி, வளைந்து இறுகிவிட்ட வகைக்குப் பிரேஸ் பலன் தராது. அதற்கு எலும்பை வெட்டித்தான் நேராக்கவேண்டும்.

குழிக்கு வெற்றிட மணி. சிலிக்கன் கிண்ணத்தைக் குழிமேல் வைத்துக் காற்றை உறிஞ்சி நெஞ்செலும்பைத் தூக்குவது. அரை மணி நேரம் இருதடவையாகத் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போவது. 15 மில்லிமீற்றருக்குக் குறைந்த ஆழம், 11 வயதுக்குக் குறைந்த பிள்ளை, சமமான குழி ஆகிய மூன்றும் சேர்ந்தால் பலன் அதிகம். முறுகிய குழிக்குப் பலன் குறைவு. இரத்தம் உறையாத நோய், எலும்பு நொய்மை உள்ளவர்களுக்குக் கூடாது.

உடற்பயிற்சி தோளையும் கூனலையும் திருத்தும், எலும்பைத் திருத்தாது. ஜிம்மில் மார்புத் தசையை ஏற்றினால் போலந்து உள்ளவருக்கு வித்தியாசம் இன்னும் கூடித் தெரியும்.

நஸ் முறை: வளைந்த பட்டை

அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் டொனால்ட் நஸ் 1987இல் தொடங்கி 1998இல் வெளியிட்ட முறை. எலும்பையோ கசியிழையத்தையோ வெட்டுவதில்லை. வில்போல வளைத்த உருக்குப் பட்டையை (வாட்டில் எல்லோரும் ‘பார்’ என்பார்கள்) நெஞ்செலும்புக்குப் பின்னால் செலுத்தி, உள்ளிருந்து முன்னுக்குத் தள்ளிவைப்பது.

மயக்க மருந்து கொடுத்தபின் கைகளை விரித்துக் கட்டுவார்கள். அதிகம் விரித்தால் தோள் நரம்பு இழுபட்டுக் கை மரக்கும். இரு அக்குள் நடுக்கோட்டுக்கும் இடையில் நெஞ்சின் மேலாக அளந்து, அதிலிருந்து ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றர் குறைத்துப் பட்டையின் நீளத்தைத் தெரிவார்கள். இருபக்க விலாவிலும் சிறு வெட்டு. ஒரு துளையால் கமரா உள்ளே போகும், காபனீரொட்சைட்டு வாயு நுரையீரலைச் சற்று ஒதுக்கும். அதன்பின் நீண்ட வளைந்த கருவியை வலப்புறத்தால் விட்டு, இதயத்துக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவே மெல்ல வழி திறந்து இடப்புறத்தால் எடுப்பார்கள். முழுச் சத்திரசிகிச்சையிலும் ஆபத்தான நிமிடங்கள் இவைதான். குழி ஆழமாக இருந்தால் நெஞ்செலும்பை முதலில் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு செய்வது பாதுகாப்பு. பட்டையை வளைவு கீழே பார்க்க இழுத்துவிட்டு, உள்ளே போனதும் 180 பாகை புரட்டுவார்கள். குழி அந்தக் கணத்தில் எழும்பும். பிறகு ஓரங்களில் தாங்கி மாட்டி விலாவோடு தைப்பார்கள்.

சமனில்லாத குழிக்கு இங்கேதான் திறமை வேண்டும். பட்டையைச் சரிவாக வைக்கலாம், இருபுறமும் ஒரேமாதிரி வளைக்காமல் ஆழமான பக்கத்துக்குக் கூடுதல் வளைவு கொடுக்கலாம், இரண்டு பட்டை வைக்கலாம். அப்படியும் முறுக்கல் கொஞ்சம் மிஞ்சும், கீழ் விலாக்களின் தூக்கலும் பலருக்கு அப்படியே இருக்கும். முழுச் சமன் வரும் என்று யாராவது உறுதி தந்தால் இன்னொரு நிபுணரையும் பாருங்கள்.

நல்ல வயது 12 முதல் 16. அதற்கு முன் செய்தால் பட்டை எடுத்தபின் வரும் வளர்ச்சியில் குழி திரும்பலாம். இருபதுக்கு மேலும் செய்யலாம். எலும்பு இறுகியிருப்பதால் நோவு கூட, இரண்டு பட்டை தேவைப்படுவதும் கூட. முன்பு இதயச் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு உள்ளே ஒட்டல்கள் இருக்கும் என்பதால் அபாயம் பல மடங்கு.

நோவைப் பற்றி ஒளிக்காமல் சொல்லவேண்டும்: முதல் வாரம் கடினம். முதுகில் ஊசிக்குழாய் வழியாக மருந்து, நாளத்தால் ஏற்றும் நோமருந்து என்று பல வழி உண்டு. விலா நரம்புகளைத் தியேட்டரிலேயே உறையவைக்கும் முறை உள்ள இடங்களில் வைத்தியசாலையில் தங்கும் நாள் குறைந்திருக்கிறது. நெஞ்சுத் தோல் சில மாதம் மரத்திருப்பது அதன் விலை. கடும் நோமருந்து மலச்சிக்கலைத் தரும். இளக்கி மருந்தை நோமருந்தோடு சேர்த்தே தொடங்குங்கள், பப்பாசிப்பழமும் தண்ணீரும் தாராளமாக. முக்கினால் நெஞ்சு கிழிவதுபோல இருக்கும்.

என்ன பிழைக்கலாம்? சிறிதளவு காற்று உள்ளே மிஞ்சுவது பொதுவானது, தானாக உறிஞ்சப்படும். முதல் மாதத்தில் ‘டக்’ என்ற உணர்வோடு நோவும் வந்து குழி திரும்பினாற்போல் இருந்தால் பட்டை நகர்ந்திருக்கலாம், அன்றே எக்ஸ்றே. வெட்டிய இடம் சிவந்து நீர் வடிந்தால் கிருமித்தொற்றா நிக்கல் ஒவ்வாமையா என்று பிரித்தறியவேண்டும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல. இதயம் துளைபடுவது மிக அரிது, ஆனால் உயிராபத்து. ஆகவே ‘கமரா வைத்துச் செய்வீர்களா? இதயச் சத்திரசிகிச்சைக் குழு அதே கட்டடத்தில் இருக்குமா? இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?’ என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

புறா நெஞ்சுக்கு இதைத் திருப்பிச் செய்வதும் உண்டு: ஆர்ஜென்ரீனாவின் ஏப்ராம்சன் காட்டிய வழி. பட்டை நெஞ்செலும்புக்கு முன்னால், தோலுக்கும் தசைக்கும் கீழே போய் மேட்டை உள்ளே அமத்தும்.

ரவிச் முறை: திறந்து செய்வது

1949இல் மார்க் ரவிச் விவரித்தது, பின்பு பலரும் மாற்றியமைத்தது. மார்பின் முன்னால் வெட்டித் தசையை ஒதுக்கி, வளைந்த கசியிழையங்களை அவற்றின் உறையை விட்டுவிட்டு அகற்றுவது. நெஞ்செலும்பைக் குறுக்கே வெட்டி நிமிர்த்தி, தேவையென்றால் பின்னால் ஒரு தாங்கி வைப்பது. உறை இருந்தால் உள்ளே புதிதாக வளரும். நேரம் கூட, தழும்பு முன்னால், இரத்தம் உறிஞ்சும் குழாய் சில நாள் இருக்கும். பெண்பிள்ளைகளுக்கு மார்பகத்தின் கீழ்மடிப்பில் வெட்டை மறைக்கலாம்.

இவ்வளவு பாரமான வேலையை ஏன் செய்யவேண்டும் என்றால், மேடும் குழியும் கலந்த நெஞ்சையும் கடுமையாக முறுகிய நெஞ்செலும்பையும் பட்டையால் மட்டும் நேராக்க முடியாது. நெஞ்செலும்பைக் கண்ணால் பார்த்து, வெட்டி, திருப்பி வைக்க இந்த வழிதான் உண்டு. ஆனால் சிறுவயதில் செய்யக்கூடாது. பத்து வயதுக்கு முன் அதிகக் கசியிழையத்தை எடுத்த பிள்ளைகளின் நெஞ்சுக்கூடு வளராமல் இறுகி, மூச்சுவிடமுடியாமல் போன சம்பவங்கள் மருத்துவ இலக்கியத்தில் 1990களிலேயே பதிவாகியிருக்கின்றன.

தசையும் மார்பகமும்: போலந்து உள்ளவர்களுக்கு

கை விரல்கள் ஒட்டியிருந்தால் அந்த வேலை குழந்தைப் பருவத்தில், முதலில். விலா இல்லாத இடத்தால் நுரையீரல் புடைத்தால் அதையும் நெடுகப் பிற்போடமுடியாது. மறுபக்க விலாவைப் பிளந்து ஒட்டுவார்கள், அல்லது வலை வைத்து மூடுவார்கள். மற்றதெல்லாம் வளர்ச்சி முடியும்வரை காத்திருக்கலாம்.

ஆண்களுக்குப் பெரும்பாலும் மூன்று தெரிவு. முதலாவது கொழுப்பேற்றல்: வயிறு, தொடையிலிருந்து உறிஞ்சிய கொழுப்பைச் சிறு சிறு கோடுகளாகச் செலுத்துவது. ஒரு பங்கு கரைந்துபோகும் என்பதால் மூன்று மாதமாவது இடைவெளி விட்டு இரண்டு முதல் நான்கு தடவை. தழும்பு இல்லை, தசையை இழப்பதும் இல்லை. ஆனால் ஒல்லிப் பெடியனிடம் எடுக்கக் கொழுப்பு இருக்காது. இரண்டாவது, ஸ்கானிலிருந்து அளவெடுத்துச் செய்து உள்ளே வைக்கும் திண்மச் சிலிக்கன் அச்சு. ஒரே தடவையில் உருவம் வரும். சுற்றிலும் நீர் கட்டுவது அடிக்கடி வரும் தொல்லை; மெல்லிய தோலுக்குக் கீழே அச்சின் ஓரம் தெரியலாம். மூன்றாவது, முதுகின் அகன்ற தசையை அதன் இரத்தக்குழாயோடு அக்குளுக்குக் கீழால் முன்னுக்குக் கொண்டுவருவது. அக்குளின் முன்மடிப்பை உண்மையாக உண்டாக்குவது இதுதான். காலப்போக்கில் தசை சற்று மெலியும், முதுகில் தழும்பு இருக்கும், இழுக்கும் வலு குறையும். கிணற்றில் துலா இழுப்பவரும் கரைவலை இழுப்பவரும் இதை முதலிலேயே வைத்தியரிடம் சொல்லவேண்டும். பிழைப்புக்கான தசையை வடிவுக்காகக் கொடுப்பதா என்பது அவர் தீர்மானிக்கவேண்டியது.

குழி நெஞ்சுக்கும் சிலிக்கன் அச்சு வைப்பார்கள். அது பள்ளத்தை மூடுமே தவிர இதயத்துக்கு இடம் கொடுக்காது. களைப்பு உள்ளவருக்கு அது மருந்தல்ல.

பெண்பிள்ளைகளுக்குப் பொறுமை வேண்டும். மறுபக்க மார்பகம் வளர்ந்து முடியாமல் நிரந்தர அச்சு வைத்தால் இரண்டு வருடத்தில் திரும்ப வித்தியாசம் வரும். இடைக்காலத்துக்கு உள்ளாடையில் வைக்கும் திண்டு போதும். வித்தியாசம் அதிகம், பிள்ளை பள்ளிக்கூடம் போகவே மறுக்கிறாள் என்றால் விரிப்பான் வைக்கலாம்: தோலுக்குக் கீழே வெறும் பையை வைத்து, கிளினிக்கில் ஊசியால் உப்புநீரை இடைவெளி விட்டு ஏற்றி, மறுபக்கம் வளர வளர இதையும் கூட்டுவது. 18 வயதளவில் அதை எடுத்துவிட்டு நிரந்தர அச்சோ தசையோ கொழுப்போ. மார்பக அச்சு ஆயுளுக்கும் நில்லாது. சுற்றியுள்ள உறை இறுகினாலோ அச்சு கிழிந்தாலோ மாற்றவேண்டும். அந்தப் பக்கம் பால் சுரப்பி குறைவாக இருக்கலாம். மற்றப் பக்கத்தால் பிள்ளைக்குப் பாலூட்டலாம். கலியாணம் பேசும்போது வீட்டார் கேட்கத் தயங்கும் கேள்வி இது என்பதால் இங்கேயே சொல்லிவைக்கலாம்.

திகதி குறிப்பதும் வீடு திரும்புவதும்

பட்டை வைத்தால் பாடசாலைக்குத் திரும்ப மூன்று நான்கு கிழமை ஆகும், புத்தகப் பையைத் தூக்க அதைவிட அதிகம். சாதாரண தரம், உயர்தரம் எழுதும் வருடத்தில் வைக்காதீர்கள். ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பர் விடுமுறையை ஒட்டி வைத்தால் நட்டம் குறைவு.

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவு பஸ்ஸின் சரிந்த இருக்கையிலிருந்து கையூன்றி எழும்புவதுதான் பட்டையை நகர்த்தும். வாகனம் பிடித்தால் முன் இருக்கை, நெஞ்சுக்கும் இருக்கைப் பட்டிக்கும் நடுவே சிறு தலையணை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடை. பொதி தூக்க ஒருவர் கூட வரவேண்டும். மூச்சுத்திணறலோ காய்ச்சலோ வந்தால் வீடு வரும்வரை காத்திராமல் வழியில் உள்ள பெரிய வைத்தியசாலைக்குப் போங்கள்.

முதல் 6 கிழமை: மல்லாந்தே படுக்கை, பாயில் அல்ல, உயரமான கட்டிலில். எழும்பும்போது உடம்பை முறுக்காமல் ஒருவர் முதுகைத் தாங்கவேண்டும். இடுப்பால் திரும்புதல், குனிந்து பொறுக்குதல், ஒருபக்கம் சரிந்து படுத்தல், தண்ணி வாளி தூக்குதல் ஒன்றும் இல்லை. 5 கிலோவுக்கு மேல் எதுவும் தூக்கக்கூடாது. மூச்சுப் பயிற்சிக் கருவியை விழித்திருக்கும்போது மணிக்குப் பத்துத் தடவை ஊதாமல் உள்ளே இழுக்கவேண்டும். இதை விட்டவர்களுக்கு நுரையீரலின் அடி சுருங்கி நியுமோனியா வரலாம். நடை முதல் நாளிலிருந்தே நல்லது. மோட்டார்சைக்கிளும் ஓட்டமும் மூன்று மாதத்துக்குப் பின், அதுவும் எக்ஸ்றே பார்த்தபின். கடினப்பந்துத் துடுப்பாட்டத்துக்கும் உதைபந்தாட்டத்துக்கும் வைத்தியர் சொல்லும் திகதிவரை போகக்கூடாது. பட்டை உள்ளே இருக்கும் வருடங்களில் அங்கப்பிரதட்சணையும் தூக்குக்காவடியும் வேண்டாம். மேற்சட்டை கழற்றிக்கொண்டு நடந்து கும்பிட ஒரு தடையும் இல்லை.

பட்டையை எடுத்தல்

இரண்டு முதல் நான்கு வருடத்துக்குள், பெரும்பாலும் மூன்றாவது வருடத்தில். நோவு குறைந்ததும் பலர் கிளினிக் வருவதை விட்டுவிடுவார்கள். பிறகு பட்டையின் ஓரத்தை எலும்பு மூடி வளர்ந்துவிட்டால் எடுப்பது சிரமம். வெட்டு சிறிது, அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம். ஆனால் பட்டை இதயத்தை ஒட்டியே வெளியே வரும் என்பதால், இரத்தம் தயாராக வைத்து, நெஞ்சைத் திறக்கக்கூடிய தியேட்டரில்தான் எடுக்கவேண்டும். ‘சின்ன வேலைதானே’ என்று சிறிய தனியார் இடத்தில் எடுக்கக் கொடுக்காதீர்கள்.

அதுவரை, டயக்னோசிஸ் காட்டோடு பட்டையின் வகை, நீளம், உலோகம் எழுதிய ஒட்டுத்தாளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள், போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் கேட்பது அதைத்தான். பிள்ளை மயங்கி விழுந்து இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கவேண்டி வந்தால் ஒரு தட்டை முன்னாலும் மற்றதை முதுகிலும் ஒட்டவேண்டும், நெஞ்சை அமத்தும்போது வழமையைவிடப் பலமாக அமத்தவேண்டும் என்பதை அந்த உறைக்குள்ளேயே ஒரு துண்டில் பெரிய எழுத்தில் எழுதி வைத்து, வகுப்பாசிரியருக்கும் விளையாட்டு ஆசிரியருக்கும் ஒவ்வொரு பிரதி கொடுத்துவிடுங்கள்.